ஆய்வகம் கட்டும் முன்பே அதன் காற்றோட்டத்தைச் சோதிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வேதியியல் ஆய்வகத்தில் ஃபியூம் ஹூட் (நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அலமாரி) முன்னால் நின்று வேலை செய்பவரின் மூக்குக்கும், உள்ளே கொதிக்கும் கரைப்பானுக்கும் இடையில் இருப்பவை இரண்டே. ஒன்று, மேலும் கீழும் நகரும் கண்ணாடிக் கதவு. இன்னொன்று, வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் உள்ளே போகும் காற்று. கையை உள்ளே விட்டு வேலை செய்யக் கண்ணாடியைக் கொஞ்சமாவது தூக்கித்தான் ஆக வேண்டும். தூக்கிய அந்த இடைவெளியில் அவரைக் காப்பது காற்று மட்டுமே. வினாடிக்கு அரை மீட்டர் என்பது மிக மெல்லிய காற்று. நாம் சாதாரணமாக நடக்கும் வேகமே அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். ஹூட்டுக்கு முன்னால் ஒருவர் விறுவிறுவென்று கடந்து போனால், அவர் முதுகுக்குப் பின்னால் இழுபடும் காற்று உள்ளே இருப்பதைச் சற்று வெளியே இழுத்துக்கொண்டு போகும்.

கட்டி முடித்த ஓர் ஆய்வகத்தில் புகை விட்டுப் பார்த்தபோது எனக்கு இது உறைத்தது. ஹூட் தொழிற்சாலைச் சோதனையில் தேறி வந்திருந்தது. முகப்பு வேகமும், அதாவது திறப்பின் வழியே காற்று உள்ளே போகும் வேகமும், சரியாகவே இருந்தது. ஆனாலும் இடது ஓரத்தில் புகை இழை இழையாக வெளியே வழிந்தது. குறை ஹூட்டில் இல்லை. கூரையில் அதற்கு இரண்டடி தள்ளி வைத்திருந்த டிஃபியூசரின் (அறைக்குள் காற்றைப் பரப்பி விடும் வாய்) காற்று சுவரில் மோதி, கண்ணாடிக்கு நேர் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் பொய்க்கூரை மூடியாயிற்று, டக்ட், விளக்கு, ஸ்பிரிங்க்ளர் எல்லாம் போட்டாயிற்று. அந்த ஒரு டிஃபியூசரை நகர்த்த மூன்று ஒப்பந்ததாரர்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. வரைபடத்தில் அதை நகர்த்த ஐந்து நிமிடம் போதும்.

ஹூட் தனியாகத் தோற்பதைவிட, அறை அதைத் தோற்கடிப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆகவே ஹூட்டையும் அறையையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும், அதுவும் கட்டுவதற்கு முன்பு. எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன். கணக்குக்குப் பிடி வேண்டும் என்பதால் ஒரே அறையைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம்: 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். கன அளவு 180 கன மீட்டர். ஒரு கோடியில் கதவு, எதிர்க்கோடிச் சுவரில் இரண்டு ஹூட்கள்.

படி 1: தேர்வுக்கு முன் தேர்ச்சி மதிப்பெண்ணை எழுதுங்கள்

எந்தச் சோதனையையும் தொடங்கும் முன், எது தேர்ச்சி, எது தோல்வி என்று எண்களாக எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். முடிவு வந்த பிறகு அளவுகோலைப் பேசினால், வந்த முடிவுக்கு ஏற்றபடி அளவுகோல் வளைந்துவிடும்.

ஹூட்டுக்குப் பரவலாகப் பயன்படும் சோதனை முறை, அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் 110ஆம் தரநிலை. கண்ணாடிக்குப் பின்னால் 15 சென்டிமீட்டர் உள்ளே வைத்த ஒரு குழாயிலிருந்து நிமிடத்துக்கு 4 லிட்டர் சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு வாயுவை விடுவார்கள். ஹூட்டுக்கு முன்னால் ஒரு பொம்மை மனிதன் நிற்கும். அதன் மூச்சுப் பகுதிக்கு எவ்வளவு வாயு வந்து சேர்கிறது என்று கருவி அளக்கும். இந்த முறை எப்படி அளப்பது என்று மட்டுமே சொல்கிறது. எவ்வளவு வரலாம் என்பதை ஆன்சி இசட் 9.5 தரநிலை சொல்கிறது. தொழிற்சாலைச் சோதனையில் 0.05 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு), இடத்தில் நிறுவிய பின் 0.1 பி.பி.எம். ஐரோப்பாவில் ஈ.என். 14175 என்ற தரநிலை இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்த பகுதி, ஆள் உயரப் பலகை ஒன்றை வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஹூட் முன்னால் கடக்க விட்டு, அப்போதும் வாயு வெளியே வருகிறதா என்று பார்ப்பது. ஆய்வகத்தில் உண்மையில் நடப்பது அதுதானே.

நம் அறைக்கு நான் எழுதிவைப்பவை இவை: முகப்பு வேகம் சராசரியாக வினாடிக்கு 0.5 மீட்டர், எந்தக் கட்டத்திலும் இதிலிருந்து 20 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது. கண்ணாடிக்கு முன்னால் குறுக்கே அடிக்கும் காற்று 0.25 மீட்டரைத் தாண்டவே கூடாது, 0.15க்குள் இருந்தால் நிம்மதி. மூச்சுப் பகுதியில் மேலே சொன்ன பி.பி.எம். அளவுகள். எல்லாக் கண்ணாடிகளும் மூடியிருந்தாலும் அறைக்கு மணிக்கு 6 முறையாவது காற்று மாறவேண்டும். எந்த நிலையிலும் காற்று நடைவழியிலிருந்து ஆய்வகத்துக்குள்தான் போகவேண்டும், திரும்பி வரக்கூடாது.

படி 2: கால்குலேட்டர் வேலை

கணினி மாதிரிக்கு ஓடுவதற்கு முன் இதை ஒரு தாளில் போட்டுப் பார்த்தாலே பாதித் தவறுகள் பிடிபடும். ஹூட் ஒவ்வொன்றின் திறப்பும் 1.5 மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரம் என்றால் பரப்பு 0.75 சதுர மீட்டர். வேகம் 0.5. ஆகவே ஒரு ஹூட் வினாடிக்கு 0.375 கன மீட்டர், அதாவது மணிக்கு 1,350 கன மீட்டர் காற்றை இழுக்கும். இரண்டும் சேர்ந்து 2,700. அறையின் 180ஆல் வகுத்தால் மணிக்கு 15 முறை காற்று மாற்றம். அறைக்குத் தேவையான குறைந்தபட்சம் 6 என்று எழுதினோம். ஹூட்கள் தாமாகவே அதைப் போல் இரண்டரை மடங்கு இழுக்கின்றன. அறையின் காற்றோட்டத்தை ஹூட்தான் தீர்மானிக்கிறது என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

உள்ளே விடும் காற்று, வெளியே இழுப்பதைவிடப் பத்து விழுக்காடு குறைவாக 2,430 என்று வைப்போம். மீதி 270 கன மீட்டர் கதவிடுக்கு வழியாக நடைவழியிலிருந்து வரும். இந்தப் பற்றாக்குறைதான் அறையை எதிர்மறை அழுத்தத்தில், அதாவது நடைவழியைவிடக் குறைந்த அழுத்தத்தில், வைத்திருக்கும்.

இப்போது கண்ணாடிகளை மூடிவிடுவோம். காற்றளவு தானாக மாறும் ஹூட் என்றால், மூடிய நிலையில் ஒவ்வொன்றும் 350 கன மீட்டர் அளவுக்கு இறங்கலாம். இரண்டும் சேர்த்து 700. காற்று மாற்றம் மணிக்கு 4 முறைகூட இல்லை! நாம் எழுதிய 6க்கு 1,080 வேண்டும். ஆகவே கூரையில் 380 கன மீட்டர் இழுக்கும் பொது எக்ஸாஸ்ட் ஒன்று தேவை. வரைபடத்தில் அது இல்லாவிட்டால் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த நிலையில் உள்ளே விடும் காற்று 810, முழு அளவில் மூன்றில் ஒரு பங்கு. முழு வேகத்தில் கூரையோடு ஒட்டிப் பரவும் குளிர்காற்று, மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் ஒட்டாமல் பொத்தென்று கீழே விழும். விழும் இடம் ஹூட்டுக்கு அருகில் என்றால் சிக்கல். இதை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள், படி 4க்கு வேண்டும்.

குளிர்ச்சிச் சுமையையும் போட்டுவிடலாம். இழுத்த காற்றைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. எல்லாமே புதிய வெளிக்காற்று. சென்னைக் கோடையின் 38 டிகிரி, ஈர வெப்பநிலை (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு) 28 டிகிரிக் காற்றை 13 டிகிரிக்குக் கொண்டுவர, இந்த ஓர் அறைக்கே சுமார் 12 டன் ஏ.சி. வேண்டும். அதில் ஏறக்குறைய பாதி ஈரத்தைப் பிழியவே போகும். குளிர்நாட்டு வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து இங்கே கட்டுபவர்கள் இதில்தான் அடிபடுகிறார்கள். ஏ.எச்.யூ. (காற்றைக் குளிரவைத்து அனுப்பும் இயந்திரம்) போதாமல் போனால் சப்ளையை, அதாவது உள்ளே விடும் காற்றைக் குறைப்பார்கள், அல்லது கதவைத் திறந்துவைப்பார்கள். இரண்டிலும் நாம் போட்ட கணக்கு முழுவதும் கலைந்துவிடும்.

படி 3: அழுத்தமும் இடுக்குகளும்

1978இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், பெரியம்மை வைரஸை ஆராய்ந்த ஆய்வகத்துக்கு மேல் மாடியில் வேலை பார்த்த மருத்துவப் புகைப்படக் கலைஞர் ஒருவர் அந்நோய் கண்டு இறந்தார். உலகில் பெரியம்மையால் நேர்ந்த கடைசி மரணமாகப் பதிவானது அதுதான். வைரஸ் அவரை எப்படி அடைந்தது என்பது இன்றுவரை முடிவாகவில்லை. ஆனால் குழாய்கள் போகும் சர்வீஸ் டக்ட் வழியாகக் காற்றோடு மேலே ஏறியிருக்கலாம் என்பதை அரசு விசாரணை முக்கியமான சாத்தியமாகச் சொன்னது. அந்த டக்ட் காற்றுக்காகக் கட்டப்பட்டது அல்ல. கதவிடுக்கு, குழாய்த் துளை, கேபிள் வழி, பொய்க்கூரை என எல்லாமே காற்றுக்குப் பாதைதான்.

நம் அறையின் இடுக்குகள் எல்லாம் சேர்ந்து 0.03 சதுர மீட்டர் என்று வைப்போம். அதன் வழியே மணிக்கு 270 கன மீட்டர் நுழைய சுமார் 9 பாஸ்கல் அழுத்த வேறுபாடு உருவாகும். நல்ல அளவு. கட்டியவர் கதவுக்கு நல்ல ரப்பர் போட்டு இடுக்கைப் பாதியாக்கிவிட்டார் என்றால் அழுத்தம் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகி 35 பாஸ்கலைத் தொடும். கதவின் மீது 65 நியூட்டனுக்கு மேல் விசை விழும். மூடும் கருவியின் விசையும் சேர்ந்தால் கதவைத் திறக்கத் தோள் கொடுக்க வேண்டியிருக்கும். இடுக்கு இரண்டு மடங்கானாலோ அழுத்தம் 2 பாஸ்கலுக்குச் சற்று மேல்தான் இருக்கும். நடைவழியில் ஒரு கதவு படீரென்று சாத்தினாலே திசை தடுமாறும். ஆகவே ‘இவ்வளவு பாஸ்கல்’ என்று மட்டும் வரைபடத்தில் எழுதினால் போதாது. இடுக்கு எவ்வளவு இருக்கலாம் என்பதையும் எழுதுங்கள்.

பல அறைகள், ஏர்லாக், லிஃப்ட், படிக்கட்டு என்று கட்டடம் பெரிதானால் கையால் போட முடியாது. அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் வெளியிடும் கான்டம் என்ற மென்பொருள் இலவசம். ஒவ்வோர் அறையையும் ஒரு புள்ளியாகவும், ஒவ்வொரு இடுக்கையும் ஒரு பாதையாகவும் கொடுத்தால், எந்தக் கதவு திறந்தால் எந்தத் திசையில் காற்று ஓடும் என்று நொடிகளில் சொல்லிவிடும். அறைக்குள் காற்று எப்படிச் சுழல்கிறது என்று இதற்குத் தெரியாது. ஆனால் நூறு நிலைகளை ஓட்டிப் பார்க்கலாம்.

மின்வெட்டு நிலையைக் கட்டாயம் ஓட்டுங்கள். எக்ஸாஸ்ட் நின்று சப்ளை மட்டும் ஓடினால் அறை ஊதிய பலூன் போல ஆகி, உள்ளே இருப்பதை நடைவழிக்குத் தள்ளும். ஜெனரேட்டர் வந்ததும் முதலில் எக்ஸாஸ்ட் விசிறிதான் ஓடவேண்டும். அது ஓடுகிறது என்று உணரி உறுதி சொன்ன பிறகே சப்ளை. இந்த வரிசை கட்டுப்பாட்டு வரைபடத்தில் எழுத்தாக இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: கணினியில் காற்றை ஓட்டுவது

சி.எஃப்.டி. என்று சொல்லும் முறையில், அறையை லட்சக்கணக்கான சிறு பெட்டிகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் காற்றின் வேகம், அழுத்தம், வெப்பம், வாயுச் செறிவு ஆகியவற்றைக் கணினி தீர்க்கிறது. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் நீல்சன் 1974இல் தம் ஆய்வேட்டில் அறைக் காற்றை இப்படித் தீர்த்துக் காட்டினார். 1990களில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் ஃபர்ஹாத் மெமர்சாதே ஹூட்டையும் அறையையும் ஒரே மாதிரியில் வைத்து, அமைப்புகளை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார். இன்று ஓப்பன்ஃபோம் போன்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும். போதாமல் போவது பெரும்பாலும் ஓட்டுபவரின் பொறுமைதான்.

முதலில் உங்கள் அறையை ஓட்டாதீர்கள். விடை தெரிந்த ஓர் அறையை ஓட்டுங்கள். நீல்சன் தந்த சோதனை அறை ஒன்று உலகெங்கும் பயன்படுகிறது: 9 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், கூரையை ஒட்டி 16.8 சென்டிமீட்டர் உயர வாய் வழியாக வினாடிக்கு 0.455 மீட்டர் வேகத்தில் காற்று நுழையும். எதிர்ச்சுவரின் அடியில் 48 சென்டிமீட்டர் திறப்பு வழியாக வெளியேறும். அளந்த வேகங்கள் வெளியாகியுள்ளன. உங்கள் மென்பொருளும், உங்கள் கொந்தளிப்பு மாதிரியும் (காற்றின் சுழல்களைக் கணக்கிடும் சூத்திரங்கள்), நீங்களும் அந்த வேகங்களை வரவழைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் உங்கள் ஆய்வகத்தைப் பற்றி வரும் வண்ணப்படத்தை யாரும் நம்ப வேண்டியதில்லை.

அடுத்து டிஃபியூசர். நான் பார்த்த மாதிரிகளில் அதிகம் நடக்கும் தவறு இங்கேதான். நம் அறைக்கு நான்கு டிஃபியூசர் என்றால் ஒவ்வொன்றிலும் வினாடிக்கு 0.169 கன மீட்டர். 60க்கு 60 சென்டிமீட்டர் பலகை என்பதால், சிலர் அதே அளவு ஓட்டை ஒன்றை வரைந்து காற்றை நேர்கீழே விட்டுவிடுவார்கள். அப்படிச் செய்தால் வேகம் 0.47 மீட்டர்தான் வரும். உண்மையில் 30 சென்டிமீட்டர் கழுத்து வழியாக 2.4 மீட்டர் வேகத்தில் வரும் காற்று, தகடுகளுக்கு இடையே திரும்பிக் கூரையோடு பாய்கிறது. மாதிரியில் சாதுவாக இறங்கும் காற்று, கட்டடத்தில் ஹூட் வரை ஓடிப்போய்ச் சுவரில் மோதும். ஆகவே தயாரிப்பாளர் தரும் வீச்சுத் தூரத்தை (காற்று எவ்வளவு தூரம் பாயும் என்ற அளவை) வாங்கி, வெற்று அறையில் அந்த ஒரு டிஃபியூசரை மட்டும் ஓட்டி, அதே தூரம் வருகிறதா என்று சரிபார்த்த பிறகே முழு அறைக்குப் போங்கள்.

ஹூட்டை வரையும்போது பின்பக்கத் தடுப்புத் தகட்டையும் அதன் பிளவுகளையும், கீழ் உதட்டின் வளைவையும் விட்டுவிடக் கூடாது. உள்ளே உருளும் சுழல் அவற்றைப் பொறுத்தே அமைகிறது. முன்னால் ஓர் ஆளை நிறுத்துங்கள், உடல் சூட்டோடு. ஆள் நிற்கும்போது அவருடைய மார்புக்கு முன்னால் காற்று அடைபட்டு ஒரு சுழல் உண்டாகும். கசிவு மூச்சுக்கு ஏறி வருவது அந்த வழியாகத்தான். உலை, ஃப்ரீசர், கணினி ஆகியவற்றின் வெப்பத்தையும் கொடுங்கள். மேசைக்காலையும் குழாய்முனையையும் வரைந்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கண்ணாடித் திறப்பை ஒட்டிப் பெட்டிகள் 1 அல்லது 2 சென்டிமீட்டராக இருக்கட்டும். அறையின் நடுவில் பெரிதாக இருந்தால் பரவாயில்லை. அப்புறம் மூன்று விதமான நெருக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். பெட்டி சிறிதாகச் சிறிதாக மூச்சுப் பகுதி அளவு மாறிக்கொண்டே இருந்தால் நீங்கள் இன்னும் விடைக்கு வந்து சேரவில்லை. கணக்குப் பிழை இறங்கிவிட்டது என்று மென்பொருள் சொல்வது மட்டும் போதாது. உள்ளே போன காற்றும் வெளியே வந்த காற்றும் ஒத்துப்போகின்றனவா, கண்காணிக்கும் புள்ளியில் வேகம் நிலைத்துவிட்டதா என்றும் பார்க்கவேண்டும். நிலைக்காமல் ஊசலாடினால் பல நேரம் அது பிழை அல்ல. காற்று உண்மையிலேயே ஊசலாடுகிறது. அப்போது நேரத்தோடு மாறும் கணக்காக ஓட்டுங்கள்.

ஓட்டவேண்டிய நிலைகள் குறைந்தது இவை:

- இரண்டு கண்ணாடியும் திறந்தது
- ஒன்று மட்டும் திறந்தது
- இரண்டும் மூடியது, சப்ளை 810இல்
- இரண்டும் திறந்திருக்கும்போது கதவும் திறந்தது
- ஹூட்டுக்கு வெளியே தரையில் கரைப்பான் சிந்தியது

மூன்றாவது நிலைதான் குளிர்காற்று பொத்தென்று விழும் நிலை. ஹூட் மூடியிருப்பதால் அப்போது ஆபத்தில்லை என்று தோன்றும். ஆனால் ஒருவர் கண்ணாடியைத் தூக்கும் அந்த நொடியில், சப்ளை 810இலேயே இருக்க, எக்ஸாஸ்ட் மட்டும் ஏறத் தொடங்கியிருக்கும். விழுந்துகொண்டிருக்கும் குளிர்காற்று நேராக அவர் திறந்த இடைவெளிக்கு முன்னால் வரும். அந்தச் சில வினாடிகளை ஓட்டிப் பாருங்கள்.

சிந்திய நிலைக்கு ஒரு கைக்கணக்கை ஒப்பிட வைத்துக்கொள்ளலாம். காற்று முழுதாகக் கலக்கும் அறையில் 99 விழுக்காட்டை வெளியேற்ற, மணிக்கு 6 மாற்றம் என்றால் 46 நிமிடம், 12 என்றால் 23, நம் 15க்கு 18 நிமிடம். உண்மையான அறை முழுதாகக் கலப்பதில்லை. அதைக் காட்ட நல்ல அளவு, காற்றின் வயது, அதாவது அது அறைக்குள் வந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது. நம் அறையில் கன அளவைக் காற்றளவால் வகுத்தால் 4 நிமிடம். ஒரு மூலையில் சராசரி வயது 8 நிமிடம் என்று மாதிரி காட்டினால், அந்த மூலைக்குப் புதிய காற்று பாதி வேகத்தில்தான் போய்ச் சேர்கிறது. அங்கே எழுதும் மேசை போடாதீர்கள். மொத்தக் காற்றைக் கூட்டுவதற்கு முன் டிஃபியூசரை நகர்த்திப் பாருங்கள். மின்செலவு ஒரு பைசாகூட ஏறாது.

ஒரு வரம்பைச் சொல்லியாக வேண்டும். வழக்கமான சி.எஃப்.டி. தருவது சராசரி. ஹூட்டிலிருந்து கசிவு வருவதோ குப்பென்று, விட்டு விட்டு. ஆகவே கணினி 0.04 பி.பி.எம். என்று சொன்னால் ‘தேறிவிட்டது’ என்று நான் எழுதமாட்டேன். அமைப்பு ‘அ’வைவிட அமைப்பு ‘ஆ’ நல்லது என்று எழுதுவேன். நம் அறையில் பெரும்பாலும் வெல்லும் அமைப்பு எது என்றால், நான்கு பக்கமும் வீசும் டிஃபியூசரை விட்டுவிட்டு, பரந்த துளைத்தகடு வழியே மெதுவாகக் காற்றை விடும் டிஃபியூசரை ஹூட்டிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளிக் கதவுப் பக்கமாக வைப்பது. தேறியதா இல்லையா என்பதற்கு அடுத்த படி.

நீர்த்தொட்டி மாதிரி பற்றிக் கொஞ்சம்

சிறிய கண்ணாடித் தொட்டியில் தலைகீழாக அறை மாதிரியை மூழ்கவைத்து, சூடான காற்றுக்குப் பதில் உப்புநீரைச் சாயத்தோடு விட்டுப் பார்க்கும் முறையைக் கேம்பிரிட்ஜில் பால் லிண்டன் குழுவினர் வளர்த்தெடுத்தார்கள். உயரமான கூடங்களில், சூட்டால் தானாக ஏறும் காற்றுக்கு அது அருமையான முறை. விசிறியால் தள்ளி இழுக்கும் ஆய்வகத்துக்கு அவ்வளவு பயன் இல்லை. காற்றிலேயே நான்கில் ஒரு பங்கு மாதிரி செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வெப்ப வேறுபாட்டை அப்படியே வைத்தால் வேகத்தைப் பாதியாக்க வேண்டும். அப்படிச் செய்தால் ரெனால்ட்ஸ் எண் (காற்று எவ்வளவு கொந்தளிக்கும் என்று காட்டும் எண்) எட்டில் ஒரு பங்காக விழுந்து, கொந்தளிப்பு வேறு மாதிரி ஆகிவிடும். அந்தப் பணத்தை முழு அளவு மாதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: முழு அளவு மாதிரி அறை

ஒரே மாதிரி இருபது ஆய்வகம் கட்டப்போகிறீர்கள் என்றால் இதைத் தவிர்க்கவே கூடாது. காலியான ஒரு கிடங்கில் ஒட்டுப்பலகையாலும் ஜிப்சம் பலகையாலும் அறையை எழுப்பி, வாங்கப்போகும் அதே ஹூட், அதே டிஃபியூசர், அதே கூரை உயரம் வைத்துச் சோதிப்பது. முழு அறையும் வேண்டும் என்பதில்லை. ஹூட்டைச் சுற்றி நான்கைந்து மீட்டர் இருந்தால் பெரும்பாலும் போதும். ஆனால் வெட்டிய பக்கத்தில் வெற்றுவெளியை விடாமல் சுவர் வையுங்கள். கிடங்கின் கதவுக்காற்றே முடிவைக் கெடுத்துவிடும்.

முதலில் ஹூட்டை நிறுத்திவைத்து, சப்ளை காற்றை மட்டும் ஓட்டி, கண்ணாடி இருக்கும் இடத்துக்கு முன்னால் குறுக்குக் காற்றை அளங்கள். சுடுகம்பி அனிமாமீட்டர் (காற்றின் வேகத்தை அளக்கும் கருவி) வேண்டும். சிறகு சுழலும் வகை 0.15 மீட்டர் வேகத்தில் சரியாகச் சுழலாது. பூஜ்யம் காட்டி உங்களை ஏமாற்றும். அப்புறம் ஹூட்டை ஓட்டி முகப்பு வேகம். 1.5க்கு 0.5 மீட்டர் திறப்பை 30 சென்டிமீட்டருக்கு மிகாத கட்டங்களாகப் பிரித்தால் பத்துக் கட்டம் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு முறை பார்த்து எழுதாமல், பல அளவீடுகளின் சராசரியை எடுங்கள். கம்பியைக் கையில் பிடிக்காமல் தாங்கியில் பொருத்துங்கள். உங்கள் உடம்பும் காற்றை மறிக்கும்.

பிறகு புகை. மேடை நாடகங்களில் பயன்படும் புகைக்கருவி நல்லது. உலர்பனியை நீரில் போட்டு வரும் மூடுபனி பார்க்க அழகாக இருந்தாலும் கனமானது, கீழேயே வழியும். அதை வைத்து மேல்சுழலைப் பார்க்க முடியாது. ஊதுவத்திப் புகை சூட்டில் மேலே ஏறும். கதவிடுக்கில் திசை பார்க்க அது போதும், ஹூட் ஓரத்துக்குப் போதாது. புகையை மேசை ஓரம், இரண்டு பக்கச் சுவர், கண்ணாடியின் கீழ்விளிம்பு என்று மெதுவாக நகர்த்துங்கள். பக்கவாட்டிலிருந்து விளக்கடித்துக் காணொளி எடுங்கள். வடிவமைப்பாளரிடம் பத்துப் பக்க அறிக்கை கொடுத்தும் அசையாதவர்கள், புகை ஆளின் முகத்துக்கு ஏறும் பத்து வினாடிக் காணொளியைப் பார்த்ததும் வரைபடத்தை எடுப்பார்கள்.

கடைசியாக டிரேசர் வாயு, அதாவது கசிவைத் தேடப் படி 1இல் சொன்ன சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு. பொம்மை மனிதனை இடது, நடு, வலது என்று மூன்று இடத்திலும் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடச் சராசரி. கண்ணாடியை மூடித் திறந்து ஒரு முறை. ஆள் கடந்து நடந்து ஒரு முறை. சராசரியோடு உச்ச அளவையும் எழுதுங்கள். குப்பென்று வருவது அதில்தான் தெரியும். சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு கார்பன் டை ஆக்சைடைவிட இருபதாயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும் வாயு. ஆகவே புகையில் தேறாத அமைப்புக்கு அதைத் திறக்கவே வேண்டாம்.

மாதிரி அறையைப் பிரிக்கும் முன், அங்கே வேலை செய்யப்போகும் வேதியியலாளர்களை ஒரு நாள் அழைத்து வாருங்கள். ஹூட்டுக்குள் அவர்கள் வழக்கமாக வைக்கும் குடுவை, சூடாக்கி, பாட்டில் எல்லாவற்றையும் அவர்கள் கையாலேயே வைக்கச் சொல்லி மறுபடி சோதியுங்கள். காலி ஹூட்டில் தேறியது, பெரிய பெட்டி ஒன்றைப் பின்பிளவை மறைத்து வைத்ததும் தோற்கலாம். பொருட்களைச் சில அங்குலம் உயர்த்திவைக்கும் ஒரு தாங்கி அங்கேயே தீர்வாகிவிடும்.

படி 6: கூரைக்கு மேலே

இழுத்த காற்று எங்கே போகிறது? பல வடிவமைப்புகள் இந்தக் கேள்வியை மொட்டைமாடியோடு விட்டுவிடுகின்றன. வழக்கமான அடிப்படை விதி: புகைக்குழாய் கூரையிலிருந்து குறைந்தது 3 மீட்டர் உயரம், வெளியேறும் வேகம் வினாடிக்கு சுமார் 15 மீட்டர். நம் அறையின் 0.75 கன மீட்டருக்கு 25 சென்டிமீட்டர் விட்டக் குழாய் பொருந்தும்.

ஆனால் இரண்டு விஷயங்கள். கட்டடத்தின் மீது காற்று மோதும்போது கூரையில் ஒரு சுழல்குமிழி உருவாகும். காற்று மோதும் முகம் 20 மீட்டர் அகலம், 12 மீட்டர் உயரம் என்றால், ஆஷ்ரே சூத்திரப்படி அந்தக் குமிழியின் உயரம் சுமார் 3.1 மீட்டர். மூன்று மீட்டர்க் குழாய் அதற்குள்ளேயே முடிகிறது! அந்தக் குமிழிக்குள் புதிய காற்றை உறிஞ்சும் வாய் இருந்தால், வெளியேற்றியது திரும்ப உள்ளே வரும். இரண்டாவது, கண்ணாடிகள் மூடியபோது எக்ஸாஸ்ட் 1,080க்கு இறங்கும் என்று பார்த்தோம். அதே குழாயில் வேகம் 6 மீட்டராகிவிடும். வெளிக்காற்றின் வேகத்தைப் போல் ஒன்றரை மடங்காவது இல்லாவிட்டால் புகை குழாய் நுனியிலேயே கவிழ்ந்துவிடும். விசிறிக்கு முன்னால் வெளிக்காற்றைக் கலந்து குழாய் வேகத்தைக் காப்பாற்றும் அமைப்பு வேண்டும். மழைக்காகக் குழாய் மேல் கூம்புத் தொப்பி போடாதீர்கள். மேலே போகவேண்டியதை அது கீழே திருப்பிவிடும். மழைநீருக்கு அடியில் வடிகால் வைத்தால் போதும்.

சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள், பக்கத்தில் மருத்துவமனை அல்லது விடுதி என்றால் காற்றுச் சுரங்கச் சோதனை அவசியம் என்பேன். கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆலன் டேவன்போர்ட் 1965இல் தொடங்கிய வகைச் சுரங்கத்தில், தரையோரக் காற்றின் கொந்தளிப்பையே உருவாக்க முடியும். முந்நூறில் ஒரு பங்கு போன்ற அளவில் சுற்றுப்புறம் முழுவதையும் செய்து, சுழல்மேடையில் வைத்து, திசை திசையாகத் திருப்பி, குழாயிலிருந்து டிரேசர் விட்டு, ஒவ்வொரு ஜன்னலிலும் உறிஞ்சு வாயிலும் அளப்பார்கள். குழாய் வேகத்துக்கும் காற்று வேகத்துக்கும் உள்ள விகிதம் மாதிரியிலும் அப்படியே இருக்கவேண்டும். தமிழ்நாட்டுக் கடற்கரையில் என்றால் வடகிழக்குப் பருவக்காற்றுக்கும் தென்மேற்குக் காற்றுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஆண்டுச் சராசரித் திசை என்று ஒன்றை எடுத்தால் இரண்டுமே தவறிப்போகும்.

படி 7: தேறிய வடிவமைப்பைத் தளத்துக்குக் கொண்டுபோவது

சோதனையில் வென்ற அமைப்பு தளத்தில் பீம் குறுக்கே வந்தால் அரை மீட்டர் நகர்ந்துவிடும். யாரும் உங்களிடம் கேட்கமாட்டார்கள். ஆகவே ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: ஹூட்டிலிருந்து 2 மீட்டருக்குள் இருக்கும் டிஃபியூசர், கதவு, திரைச்சுவர் எதுவும் 30 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் மாதிரியை மறுபடி ஓட்டிய பிறகே அனுமதி. டிஃபியூசரின் தயாரிப்பாளர் மாறினாலும் அப்படியே. வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் வீச்சு ஒன்றாக இருக்காது. கணினி மாதிரியின் கோப்புகளையும், எந்த அளவு எங்கே அளந்தது என்ற குறிப்பையும் கட்டடம் ஒப்படைக்கும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.

கூரைப் பலகைகள் மூடும் முன் டக்டின் கசிவையும் அறையின் இடுக்கையும் அளந்துவிடுங்கள். எல்லாம் முடிந்து ஹூட் பொருத்திய பிறகு, மாதிரி அறையில் அளந்த அதே பத்துக் கட்டங்களிலும் பொம்மை மனிதன் நின்ற அதே மூன்று இடங்களிலும் மறுபடி அளங்கள். எண்கள் விலகினால் ஹூட்டைக் குறை சொல்வதற்கு முன் கதவடியில் ஓர் ஊதுவத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே சாய்கிறதா, எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்பதிலிருந்து தேடத் தொடங்கலாம்.